சாலிஹாவின் சுவரில் இரண்டு வரிசை எண்கள்

பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் சாலிஹாவின் வீடு. அந்த வீட்டுச் சமையலறைச் சுவரைப் பற்றி வாய் திறக்காத பெண்பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. அடுப்புக்கு எதிரே, ஆள் உயரத்துக்குக் கரித்துண்டால் எழுதிய எண்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அரபு எழுத்தில் ஒரு குறிப்பு. மொழி என்னவோ தமிழ்தான். அந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பலர் தமிழை அரபு எழுத்தில் எழுதத்தான் கற்றிருந்தார்கள். எனக்கு எண்கள் புரியும், எழுத்து புரியாது. கேட்டால் சாலிஹா படித்துச் சொல்வாள்.

நான் அப்போது கிராம சேவிகா. பெயர் ஜானகி. 1958இல் எனக்கு இருபத்து மூன்று வயது, கோபம் மூக்கு நுனியில். பொன்னேரியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து, பெண்களுக்குக் கோழி வளர்ப்பும் புகையில்லாத அடுப்பும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு, உலகத்தில் தெரியாதது எதுவும் பாக்கியில்லை என்ற நினைப்பில் நடந்துகொண்டிருந்த காலம். அந்த நினைப்பு எங்கே, எப்படி உடைந்தது என்பதைச் சொல்லாமல் சாலிஹாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

பிளாக் ஆபீசில் இருந்து ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி வந்தது. மரப்பெட்டி. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு, மூடியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத் தெர்மாமீட்டரை இறக்கினால் அதன் நுனி முட்டை மட்டத்தில் நிற்கும், எண்ணை வெளியிலிருந்தே படிக்கலாம். தொண்ணூற்றாறு முட்டைகள், இருபத்தோரு நாள், சூடு நூற்றிரண்டு டிகிரி. ஏறினால் திரியை இறக்க வேண்டும், இறங்கினால் ஏற்ற வேண்டும். ஆபீசர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். முதல் ஈடு நன்றாகப் பொரித்தால் பெட்டி அந்த வீட்டிலேயே இருக்கும், இல்லையென்றால் மீஞ்சூருக்குப் போய்விடும். மீஞ்சூரில் லட்சுமியம்மாள் என்பவர் ஏற்கெனவே மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் சாலிஹாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் வீட்டுக் கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவள் புருஷன் அமானுல்லா இறாலும் கருவாடும் மெட்ராசுக்கு அனுப்புகிற வியாபாரி, சாது. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, பேச்சில் வேகம், கண்ணில் அதைவிட வேகம்.

பெட்டி வந்து, முட்டை வர பத்து நாள் ஆனது. வெறும் பெட்டியையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு வேறு யாராக இருந்தாலும் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். சாலிஹா தெர்மாமீட்டரை உருவி எடுத்துக்கொண்டு ஊரையே அளக்கப் புறப்பட்டுவிட்டாள். ஊர் என்றால் அவள் போகக்கூடிய ஊர்: கொல்லைப்புறம், கிணறு, பக்கத்து மூன்று வீடுகள், புருஷனின் இறால் கொட்டகை. மீதியை வாளியில் கொண்டுவரச் சொன்னாள்.

மறு வாரம் நான் போனபோது சுவரில் ஒரு வரிசை எண்கள். இறால் பெட்டி ஐஸ், 32. விடிகாலை ஏரித் தண்ணீர், 79. அக்குள், 98. அடைக்கோழியின் வயிற்றடி, 103. கொதிக்கிற உலை, 212. நடுவில் பக்கத்து வீட்டுக் காப்பி, மத்தியானத்து மணல், மாமியார் கஷாயம் என்று இன்னும் இருபது. ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கோழிக்கு நம்மள வுட சூடு சாஸ்தி, சேவிகாம்மா. தொட்டுப் பாத்தா தெரியாது. இது சொல்லுது."

"சரிக்கா."

"உலைத் தண்ணி இருநூத்திப் பன்னெண்டுக்கு மேல போவவே மாட்டேங்குது. வெறகத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். அதே எடத்துல நின்னுகினு கீது."

"சரிக்கா."

"ஐஸு ஏன் முப்பத்திரண்டு? சைபர்னு தானே இருக்கணும்? அதுக்குக் கீழ இன்னா கீது?"

எனக்குத் தெரியாது. பயிற்சியில் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. நமக்கு நூத்திரண்டு ஒண்ணுதான் முக்கியம். முட்டை வச்சப்புறம் தெர்மாமீட்டரை வெளியே எடுக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினாள். முட்டைகளை வைத்தோம். பதினைந்து நாள் அந்த வீட்டில் நூற்றிரண்டைத் தவிர வேறு பேச்சில்லை. ஏழாம் நாள் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கரு இல்லாத ஒன்பதை எடுத்துவிட்டோம். மிச்சம் எண்பத்தேழு. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிவப்பு நரம்பு ஓடியதைப் பார்த்தபோது அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"இந்தப் பொட்டி என் ஊட்ட வுட்டுப் போவக் கூடாது சேவிகாம்மா," என்றாள். "இது வந்ததுலேர்ந்துதான் நான் கேக்குறதுக்கு ஒண்ணு பதில் சொல்லுது."

பதினாறாம் நாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தெர்மாமீட்டரு ஒடஞ்சிடுச்சு. நான்தான் ஒடச்சேன்."

விடிகாலையில் புதிதாக ஐஸ் வந்திருந்தது. கொட்டகையில் ஆட்கள் இறால் மேல் ஐஸைப் போட்டு, அதன்மேல் உப்பை அள்ளித் தூவிக்கொண்டிருந்தார்கள். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் சில்லென்று ஆகும் என்று அமானுல்லா சொல்வதைப் பல வருஷமாகக் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு நிமிஷம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பாதரசம் முப்பத்திரண்டில் நிற்கவில்லை. இருபத்தைந்துக்கு இறங்கி, இருபதுக்கு இறங்கி, பதினைந்துக்குப் போனது. தலைகால் புரியாமல் ஓடிவந்து, உப்பைக் கழுவ வேண்டுமே என்று அடுப்பிலிருந்த வெந்நீரில் முக்கிவிட்டாள். கண்ணாடி பட்டென்று தெறித்துவிட்டது.

"ஆனா ஒண்ணு சேவிகாம்மா," என்றாள், அழுகையின் நடுவிலேயே. "ஐஸுக்குக் கீழயும் சில்லு கீது. முப்பத்திரண்டு ஒண்ணும் அடி கெடயாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எண்பத்தேழு உயிரை வைத்துக்கொண்டு விளையாட்டா என்றேன், மீஞ்சூருக்கே கொடுத்திருக்கலாம் என்றேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழவேற்காட்டில் அன்று வேறு தெர்மாமீட்டர் கிடையாது. பொன்னேரி டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அவருடைய காய்ச்சல் குழாய் அவர் பையோடு போய்விடும். அமானுல்லா சட்டையை மாட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் புறப்பட்டார். அவர் வருகிறவரை விளக்குத் திரியைத் தொடக் கூடாது என்று சாலிஹா முடிவு செய்தாள். மணிக்கொரு முறை ஒரு முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பாள். "நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே கீது," என்று சொல்லிவிட்டு வைப்பாள்.

மறுநாள் மத்தியானம் அமானுல்லா வந்து சேர்ந்தார், வேட்டி மடிப்பில் பத்திரமாகச் சுற்றிய புதுத் தெர்மாமீட்டரோடு. மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்தோம். நான்தான் இறக்கினேன். பாதரசம் ஏறியது, மெதுவாக நின்றது. முப்பத்தெட்டு.

நூற்றிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு. மறுபடியும் குனிந்து படித்தேன், அதேதான்.

"பயப்படாதீங்க," என்றார் அமானுல்லா. "இது புதுக் கணக்கு. சென்டிகிரேடு. இனிமே எல்லாம் இதுதான்னு கடைக்காரரு சொன்னாரு. பழசுல தண்ணி கொதிக்கிறது இருநூத்திப் பன்னெண்டு, இதுல நூறு."

"அப்ப நம்ம நூத்திரண்டுக்கு எவ்ளோ?" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அணாவைப் பைசாவாக மாற்றத் தெரியாமல் கடைத்தெருவே முழித்தபோது, அமானுல்லாதான் எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். மாற்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தாரே தவிர அதை எடுத்துப் பார்த்ததில்லை, மனக்கணக்குதான்.

"பதினாறு அணா போயி நூறு பைசா ஆச்சில்ல? அதே மாதிரிதான். இருநூத்திப் பன்னெண்டு போயி நூறு ஆயிடுச்சு. நூத்திரண்டுக்கு நாப்பத்தெட்டு. ரயில்லயே போட்டுட்டேன்."

நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வகுத்தல் சரியாக வந்தது. நாற்பத்தெட்டேதான். அப்படியானால் பெட்டி பத்து டிகிரி குறைவாக, நேற்றிலிருந்து குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. சாலிஹாவின் கண் இமை பொய் சொல்லியிருக்கிறது. நான் யோசிக்கவில்லை. குனிந்து திரியை ஏற்றினேன். என் கையால்.

முப்பத்தொன்பது. நாற்பது. அமானுல்லா ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. பெட்டிக்குள்ளிருந்து சூடு மூடித் துளை வழியாக முகத்தில் அடித்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று. நாற்பத்திரண்டு.

சாலிஹா பெட்டியைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வந்து, துளையிலிருந்து தெர்மாமீட்டரை உருவினாள்.

"ஒண்ணை ஒடச்சது போதாதா?" என்று கத்தினேன்.

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முந்தானைக்குள் விட்டு, அக்குளில் வைத்துக் கையை இறுக்கிக்கொண்டாள். வாய்க்குள் எண்ணினாள். பிறகு அப்படியே வைத்தபடி, தலையைச் சாய்த்து நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் படித்தாள்.

"முப்பத்தேழு. ஏங்க, உங்க கணக்குல தொண்ணூத்தெட்டுக்கு எவ்ளோ?"

அமானுல்லா ஒரு கணம் உதட்டை அசைத்தார். "நாப்பத்தாறு."

"எனக்கு முப்பத்தேழுதான் காட்டுது. சுவத்துல எனக்குத் தொண்ணூத்தெட்டு. நீங்க போட்ட கணக்கு சரின்னா நான் மௌத்தாயி, ஒடம்பு ஆறிப் போயி ரெண்டு நாளாவுது. வெளக்க எறக்குங்க சேவிகாம்மா."

நான் கை நீட்டுவதற்குள் அவளே குனிந்து திரியை இறக்கி, பெட்டி மூடியைத் திறந்து, பனையோலை விசிறியால் வீசத் தொடங்கினாள். வீசிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"ஓடிப் போயி ஐஸ் எடுத்தாங்க. உப்பு படாத ஐஸு."

கொட்டகையிலிருந்து ஒரு கட்டி வந்தது. தட்டி நொறுக்கிக் கிண்ணத்தில் போட்டோம். இந்தத் தடவை அவள் தெர்மாமீட்டரை அவசரப்படாமல், கொஞ்ச நேரம் காற்றில் பிடித்து ஆறவிட்டு இறக்கினாள். பாதரசம் இறங்கி இறங்கி, கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. சைபர்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விசிறியை என் கையில் திணித்துவிட்டு, கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவருக்கு ஓடினாள். 32க்குப் பக்கத்தில் 0. 98க்குப் பக்கத்தில் 37. 212க்குப் பக்கத்தில் 100. எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"காசு இல்லாத பைக்கு அணாவும் சைபரு, பைசாவும் சைபரு. அதனால உங்க கணக்கு கடைத்தெருவுல சரி. இங்க அப்படி இல்லீங்க. பழசு முப்பத்திரண்டுல நிக்கும்போதுதான் புதுசு ஆரம்பிக்குது. ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து கெளம்பல."

அமானுல்லா சுவரைப் பார்த்தார். வியாபாரி மூளை, ஒரு முறை சொன்னால் போதும்.

"அப்ப மொதல்ல அந்த முப்பத்திரண்டக் கழிச்சிடணும்."

"கழிங்க. ஐஸ்லேர்ந்து கொதிக்கிற வரைக்கும் பழசுல எத்தினி படி?"

"நூத்தி எம்பது."

"புதுசுல நூறு. அப்ப?"

"ஒம்பதுக்கு அஞ்சு." அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். "நூத்திரண்டுல முப்பத்திரண்டு போனா எழுபது. அஞ்சால பெருக்கினா முன்னூத்தம்பது. ஒம்பதால வகுத்தா... முப்பத்தொம்பது. சாலிஹா, முப்பத்தொம்பதுதான்."

"தொண்ணூத்தெட்டுக்குப் போட்டுப் பாருங்க."

அறுபத்தாறு, முந்நூற்று முப்பது, முப்பத்தாறே முக்கால். அவள் அக்குள் சொன்னது கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கொல்லைக் கோழிகள் கத்தின. சமையலறையில் நின்று ஒரு கணக்குக்காக அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. பெட்டி முப்பத்தெட்டில் இருந்தது என்றால் பழைய கணக்கில் நூறுக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கிறது. அவள் கண் இமை பொய் சொல்லவில்லை. நான் ஏற்றிவிட்ட நாற்பத்திரண்டு என்பது நூற்றேழரை. அந்தச் சூட்டில் எண்பத்தேழு முட்டைகளும் எவ்வளவு நேரம் இருந்தன என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

"ஒண்ணும் ஆவாது," என்றாள் சாலிஹா. அவள் குரலில் பலமில்லை.

அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சோறு இறங்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனேன். முப்பத்தொன்பது அசையவில்லை, முட்டைகளும் அசையவில்லை. தெர்மாமீட்டர் உடைந்த விஷயம் தெருவெல்லாம் தெரியும், கத்தியதே நான்தானே. குஞ்சு பொரிக்காவிட்டால் பழி யார் தலையில் விழும் என்பதும் தெரியும். ஐஸை அளந்து விளையாடியவள் தலையில்தான் விழும். திரியை ஏற்றியது ஜானகி என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இருபதாம் நாள் மத்தியானம் சாலிஹா ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவேயில்லை. பிறகு என் காதில் வைத்தாள். உள்ளே டொக், டொக் என்று கொத்துகிற சத்தம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

எழுபத்தொரு குஞ்சுகள். இருபத்தோராம் நாள் இருட்டுவதற்குள் பெட்டி முழுக்க மஞ்சள் பஞ்சும் கீச்சுக் கீச்சும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். சுவரைக் கேலி செய்தவர்களே அதைக் காட்டி இது என்ன அது என்ன என்று கேட்டார்கள். சாலிஹா ஒரு குஞ்சின் இறக்கைக்கடியில் தெர்மாமீட்டர் நுனியை வைத்தாள். இந்தத் தடவை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஆபீசர் வந்தபோது அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், திரி ஏற்றியதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. அவர் பையில் ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அங்கேயும் புதுத் தெர்மாமீட்டர் போயிருந்தது, நூற்றிரண்டு வரவேயில்லை, பெட்டியில் கோளாறு என்று எழுதியிருந்தார்கள். பெட்டி பழவேற்காட்டிலேயே இருக்கட்டும், ஆனால் அந்த அம்மா ஊத்துக்கோட்டை வரை ஒரு நடை போய்வர வேண்டும் என்றார்.

கடைத்தெருவைத் தாண்டாத சாலிஹா அதற்குப் பிறகு போன ஊர்கள் கொஞ்சமல்ல. ஊத்துக்கோட்டை, மீஞ்சூர், பொதட்டூர்பேட்டை வரைக்கும். துணைக்கு அமானுல்லா, அவர் மடியில் மரத்தூள் சுற்றிய ஐஸ் மூட்டை, பஸ்ஸெல்லாம் ஈரம். எந்த ஊருக்குப் போனாலும் அவள் பாடம் ஒன்றுதான். முதலில் யாராவது ஒரு பெண்ணின் அக்குள், அடுத்து ஐஸ், கடைசியில் உலை. மீஞ்சூர் லட்சுமியம்மாள், பாவம், பெட்டி கிடைக்காத கோபத்தில் அக்குளைக் காட்ட மாட்டேன் என்றார். பெட்டி அவருக்கும் ஒன்று வருகிறது என்றதும் காட்டினார்.

அவள் வீட்டுச் சுவரில் இரண்டாம் வரிசை முழுதாக நிரம்ப ஒரு வருஷம் ஆனது. பழைய எண்கள் அனைத்துக்கும் பக்கத்தில் புது எண்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் முதலில் புது எண்ணை எழுதி, பழையதைக் கணக்குப் போட்டு எழுதியிருந்தாள். 42, நூற்றேழரை. பக்கத்தில் அவள் எழுத்தில் ஒரு குறிப்பு. எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன், கேட்க மட்டும் மனசு வரவில்லை. என் பெயர்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருந்தால் நியாயம்தான் என்றும் நினைத்திருந்தேன்.

எனக்கு மாற்றல் வந்து, சொல்லிக்கொண்டு கிளம்பப் போன அன்று கேட்டேவிட்டேன்.

"அக்கா, அந்த நாப்பத்திரண்டுக்குப் பக்கத்துல இன்னா எழுதியிருக்கு?"

சாலிஹா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, விரலை எழுத்தின் மேல் வலமிருந்து இடமாக நகர்த்திப் படித்தாள்.

"'நாம மூணு பேரும் பயந்த சூடு.'"